ராஜா முடிசூடும் வரை கல்யாணம் இல்லை

அந்த வருஷம் எப்போது ஆரம்பித்து எப்போது முடிந்தது என்று இன்றைக்கும் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்லலாம்தான். ஆனால் எனக்கு அது பஞ்சாங்கத்தின்படி வரவில்லை. புகையிலை சுற்றிய காகிதத்திலும் உப்புக் கட்டிய காகிதத்திலும், கருவாட்டு வாடையோடு, முன்னது பின்னும் பின்னது முன்னுமாக வந்தது. ஒரு ராஜா செத்தார், ஒரு ராஜா போனார், ஒரு ராஜா வந்தார். தேர்தல் நடந்தது. நம் ஆட்கள் கடல் தாண்டிப் போய்ப் பந்தாட்டத்தில் ஜெயித்தார்கள். பேசும் படம் நாமக்கல் வரைக்கும் வந்துவிட்டது. இத்தனையையும் கொல்லிமலையில் எங்கள் ஜனங்களுக்குப் படித்துச் சொன்னவன் நான். இத்தனைக்கும் நடுவில் என் கல்யாணம் சிக்கிக்கொண்டது.

நான் திருப்புலி நாட்டுக்காரன். எங்கள் மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த ஒரு கட்டு. அதற்கு ஒரு பட்டக்காரர் தலைவர். சின்ன வயதிலேயே நான் அடிவாரத்துக்கு இறங்கி, சேந்தமங்கலத்தில் ஒரு பாயின் மிளகு மண்டியில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். மிளகைப் புடைத்துத் தரம் பிரிக்கிற வேலை. பாய் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வந்த வாத்தியார், பக்கத்தில் உட்கார்ந்து புடைத்துக்கொண்டிருந்த எனக்கும் எழுத்தைப் புகட்டிவிட்டார். மலைக்குத் திரும்பியபோது எங்கள் நாட்டில் பத்திரிகையை எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு. கொஞ்சம் என்று இப்போது சொல்கிறேன். அப்போது என் அம்மாவைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பாள்.

மாதம் இரண்டு தடவை மிளகுச் சுமையோடு காரவள்ளிப் பாதையில் இறங்குவேன். ஏறும்போது உப்பு, புகையிலை, மண்ணெண்ணெய் கொண்டுவருவேன். பாய் பொட்டலம் கட்டுவதற்காகச் சேலத்திலிருந்து பழைய பத்திரிகைகளை மூட்டையாக வரவழைப்பார். அதில் எனக்கு ஒரு கட்டு இனாம். “எடுத்துக்கப்பா, எல்லாம் பேப்பர்தானே” என்பார். எந்த மாதத்துப் பேப்பர் என்கிற கவலை அவருக்கு இல்லை. மேல்பாதி இருந்தால் கீழ்ப்பாதி இருக்காது. போன மாதத்துப் பேப்பருக்கு அடியில் போன வருஷத்துப் பேப்பர் இருக்கும். செம்மேட்டுச் சந்தைக்கு மறுநாள் எங்கள் ஊர் மந்தையில் ஆட்கள் கூடுவார்கள். நான் ஒரு பாறையின்மேல் ஏறி உட்கார்ந்து, கைக்கு வந்த வரிசையில் படிப்பேன். கிரிக்கெட் ஆடச் சீமைக்குப் போன நம் ஆட்டக்காரர்களில் ஒருவரை ஏதோ தகராறில் பாதியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு தடவை படித்தேன். அவர்கள் எல்லோரும் கப்பல் ஏறினார்கள் என்று அடுத்த மாதம் படித்தேன். போவதற்கு முன்னாலேயே திரும்பி வந்தவர் யார் என்று எல்லோரும் என்னைக் கேட்டார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

கல்யாணம் மாசியில் என்று பேசி முடித்திருந்தார்கள். பெண் என் தாய்மாமன் மகள். அவளை எனக்குப் பிடிக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. மாமன் மகளைப் பற்றி அப்படி ஒரு கேள்வி எங்கள் பக்கம் கிடையாது. ஆனால் எனக்கு அவளை மிகவும் பிடித்திருந்தது. பலாப்பழம் அறுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, பிசின் ஒட்டாமல் சுளை எடுப்பாள். பேச்சும் அப்படித்தான், கறாராக இருக்கும். நான் பாறையின்மேல் உட்கார்ந்து படிக்கும்போது, தண்ணீர்க் குடத்தோடு போகிறவள் போல ஓரமாக நின்று கேட்டுவிட்டுப் போவாள். அவள் நிற்கிறாள் என்று தெரிந்தால் என் குரல் தானாக உயரும்.

தை மாதம் எருதாட்டம் முடிந்து, கயிறு கட்டிய மாடுகளை அவிழ்த்துவிட்ட சில நாளில், மணியக்காரர் தண்டோரா போட வைத்தார். சீமையில் சக்கரவர்த்தி காலமாகிவிட்டார் என்றான் தண்டோராக்காரன். நாடு கூடியது. எங்களில் ஒருவரும் சக்கரவர்த்தியைக் கண்டதில்லை, அழவும் இல்லை. பட்டக்காரர் மட்டும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பட்டக்காரர் கையால் வெற்றிலை வாங்காமல் எங்கள் நாட்டில் தாலி ஏறாது. பட்டக்காரர் இறந்துபோனால், அடுத்தவருக்கு உருமால் என்கிற தலைப்பாகையைக் கட்டும் வரைக்கும் வெற்றிலை கொடுக்க ஆள் இல்லை. அதனால் கல்யாணமும் இல்லை. வழக்கமாகப் பதினாறு நாளில் இது முடிந்துவிடும்.

“என் பட்டத்தை ஒத்துக்கிட்டது ஆரு? கலெக்டர் துரை” என்றார் பட்டக்காரர். “கலெக்டர் துரைக்கு மேல ஆரு? ராசா. மேல இருக்கற தலை சாஞ்சு கெடக்கறப்ப என் கை வெத்திலை எப்படிங்க செல்லும்? புது ராசாவுக்கு உருமால் கட்டட்டும். அப்புறம் வெச்சுக்கலாம்.”

“எத்தனை நாளைக்குங்க?” என்று கேட்டார் என் மாமன். என் கல்யாணத்தோடு சேர்த்து அந்த மாசியில் ஏழு கல்யாணம் இருந்தது.

“பதினாறு நாள்ல கட்டிப்போடுவாங்க. அவ்வளவு பெரிய ஊட்டுல உருமாலுக்கா பஞ்சம்?”

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசியிருக்கலாம். ஆனால் ராஜாவைப் பற்றி நாடு என்னிடம் கேட்கும், நான் படித்துச் சொல்வேன், எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குள் ஒரு சந்தோஷம் ஓடியது. வெட்கக்கேடுதான், ஆனால் அதுதான் உண்மை.

பதினாறு நாள் ஆனது. நாற்பது நாள் ஆனது. பாய் கொடுத்த கட்டுகளில் ராஜாவைக் காணோம். எல்லாம் அதற்கு முந்தின வருஷத்துப் பேப்பர். செத்தவர் அதில் உயிரோடு இருந்தார், குதிரைப் பந்தயம் பார்த்தார். அதைப் படித்தபோது சில பேர் பிழைத்துக்கொண்டாராக்கும் என்று மகிழ்ந்தார்கள். என் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. எங்கள் நாட்டில் முடிவு தெரியாத காரியத்துக்கு ஆட்டைக் கேட்பார்கள். ஆட்டின் தலையில் தண்ணீர் தெளித்தால் அது உடம்பை உலுக்க வேண்டும். உலுக்கினால் சாமி சம்மதம். கல்யாணத்துக்கும் ஆட்டைக் கேட்டால் என்ன என்று அம்மா பட்டக்காரரிடம் போய்க் கேட்டாள். சாமி எப்போதோ சம்மதித்துவிட்டது, ராஜா சமாச்சாரம்தான் தெரியவில்லை என்று அவர் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆனி மாதம் நல்ல பேப்பர் ஒன்று கிடைத்தது. இறந்தவருடைய மூத்த மகன் ராஜாவாகிவிட்டார் என்று தெளிவாகப் போட்டிருந்தது. பாறையின்மேல் நின்றுகொண்டே படித்தேன். மந்தை முழுவதும் ஒரு அசைவு. பட்டக்காரர் சிரித்த முகத்தோடு வெற்றிலைத் தட்டை எடுத்துவரச் சொன்னார். என் மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அதோடு நான் பேப்பரை மடித்திருக்க வேண்டும். கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. படிக்காமல் விட்டால் அரைகுறையாகப் படித்தவன் ஆகிவிடுவேன் என்று தோன்றியது. முடிசூட்டு விழா அடுத்த ஆண்டுதான் நடைபெறும் என்பதையும் படித்தேன்.

தட்டு பாதி வழியிலேயே நின்றது. “அப்படின்னா உருமால் இன்னும் கட்டலையா?” என்றார் பட்டக்காரர்.

“இல்லீங்க. அடுத்த வருஷந்தானுங்க” என்றேன்.

அன்று மாலை ஊற்றுக்கரையில் அவள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “கடைசியில ரண்டு வரி இருந்துச்சாமே மாமா. அதைப் படிக்காம உட்டிருந்தா என்னங்க?”

“இருந்ததை இருந்தபடி படிக்கணும். இல்லாட்டிப் படிச்சு என்ன பிரயோசனம்?”

அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சரியாகப் பேசிவிட்டோம் என்றுதான் நான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு மாதங்கள் குழம்பிப்போயின. ஐப்பசி மழையில் ஒரு கட்டு நனைந்து ஒட்டிக்கொண்டது. பிரித்துக் காயவைத்துப் படித்தேன். வளைந்த கோலால் பந்தை அடிக்கிற ஆட்டத்தில் நம் நாட்டு ஆட்கள் வெளிதேசத்தில் எல்லோரையும் தோற்கடித்திருந்தார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மந்தையில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாடு இல்லாமல் என்ன ஆட்டம் என்றார் ஒருவர். எந்தச் சாமிக்கு நோம்பி என்றார் இன்னொருவர். ஜெயித்தவனுக்கு யார் வேட்டி எடுத்துக் கொடுத்தது என்று மாமன் கேட்டார். பேப்பரில் அது இல்லை. நம் ஆட்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்லவே, நம்ம ஆளுகன்னா எந்த ஊட்டு ஆளு, நமக்கு மாமனா பங்காளியா என்று கேட்டார்கள். எனக்கே அது சரியாகப் புரியவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கண்ணால் காணாத பதினொரு பேர் எதற்காக என் ஆட்கள், அவர்கள் ஜெயித்தால் எனக்கு ஏன் கண் கலங்குகிறது? அன்று நான் கோபித்துக்கொண்டு பாதியிலேயே எழுந்துவிட்டேன்.

அடுத்த தையில் எருதாட்டம் வந்தது, போனது. கல்யாணம் நின்று முழுதாக ஒரு வருஷம் ஆகிவிட்டது. காத்திருந்த ஏழில் ஒரு ஜோடி சொல்லாமல் கொள்ளாமல் அடிவாரத்துக்கு ஓடிப்போனது. மாமன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் “பேப்பர் என்ன சொல்லுது கண்ணு?” என்பார். அவர் அப்படிக் கேட்கும்போது ராஜா என்னவோ என் சொந்தக்காரர் போலவும், நான்தான் அவரைப் பிடித்துவைத்திருப்பது போலவும் இருக்கும்.

அந்த மாதம் வந்த கட்டில் பெரிய குழப்பம் காத்திருந்தது. மேலே கிடந்த பேப்பரில் ராஜாவின் தம்பி ராஜாவாகிவிட்டார் என்று இருந்தது. அதற்கு அடியில் இருந்ததில் அண்ணன் கப்பலில் உல்லாசமாகப் போய்க்கொண்டிருந்தார். இரண்டையும் படித்தேன். அண்ணன் கல் மாதிரி உட்கார்ந்திருக்கும்போது தம்பிக்கு எப்படிப் பட்டம் போகும் என்று மந்தையே கூச்சல் போட்டது. மறுபடியும் இறங்கி, பாயின் மூட்டையை அரை நாள் கிளறி, நடுவில் இருக்க வேண்டிய பேப்பரைக் கண்டுபிடித்தேன். கணவனை விவாகரத்துச் செய்து தீர்த்துவிட்ட ஒரு பெண்மணியைக் கட்டிக்கொள்வதற்காக அண்ணன் பட்டத்தையே விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று அதில் இருந்தது.

அதைப் படித்து முடித்தேன். பிறகு பட்டக்காரர் மெதுவாகக் கேட்டார். “தீர்த்துக்கிட்டு வேற கட்டறது ஒரு குத்தமா? நம்ம நாட்டுல எத்தனை பேரு கட்டியிருக்காங்க. அந்த ராசா இங்க வந்திருந்தா ஒரு வெத்திலையில முடிச்சு உட்டிருப்போமே. இதுக்குப் போயி ஆராச்சும் பட்டத்தை உடுவாங்களா?”

“உட்டுட்டாருங்க. பேப்பர்ல இருக்குதுங்க.”

“நீ உன் அவசரத்துக்குக் கதை கட்டாத சாமி.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் பொய் சொல்கிறேன் என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. என் கல்யாணத்துக்காக நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றிப் படிக்க மாட்டேன் என்று பாறையின்மேல் நின்று சொன்னேன். அவள் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். சொன்னதை அவளும் கேட்டாள்.

மாசியில் தேர்தல் வந்தது. வரி கட்டுகிற சில பேருக்கு மட்டும் ஓட்டு இருந்தது. பட்டக்காரருக்கும் மாமனுக்கும் உண்டு. தேர்தலில் நிற்கிற ஆளுக்கு ஒரு நிறத்தில் பெட்டி வைத்திருப்பார்கள், பிடித்த பெட்டியில் சீட்டைப் போட வேண்டும் என்று நான் படித்துச் சொன்னேன். எந்த நிறம் என்று ஆட்டைக் கேட்டார்கள். மஞ்சளுக்குத் தண்ணீர் தெளித்தார்கள், உலுக்கியது. பச்சைக்குத் தெளித்தார்கள், உலுக்கியது. நனைந்த ஆடு பிறகு எல்லா நிறத்துக்கும் உலுக்கியது. சாமிக்கு எல்லாப் பெட்டியும் சம்மதம் என்று முடிவானது. அடிவாரத்துக்கு இறங்கிப் போன பட்டக்காரர் தன் சீட்டைப் பெட்டிக்கு ஒன்றாகக் கிழித்து, ஒன்றுவிடாமல் போட்டுவிட்டு வந்தார். மாமனும் அப்படியே செய்தார். மந்தையில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த ஓட்டு செல்லவே செல்லாது என்று நான் விளக்கினேன்.

பட்டக்காரர் கோபப்படவில்லை. “செல்லாட்டிப் போவுது சாமி. ஆரு மனசும் நோவல இல்ல?” என்றார்.

அந்தப் பதில் எனக்கு அப்போது மடத்தனமாகப் பட்டது.

பங்குனியில் ஒருநாள் நாடு கூடியிருந்தது. ஏதோ எல்லைத் தகராறு, அது முடிந்து ஆட்கள் எழுந்துகொண்டிருந்தார்கள். பெண்கள் நாட்டுக் கூட்டத்துக்குள் வருவதில்லை. அவள் வந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. மாமன் எழுந்து “என்ன கண்ணு?” என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. நேராகப் பட்டக்காரர் முன்னால் போய், இடுப்பில் செருகியிருந்த காகிதத்தைப் பிரித்து, தரையில் வைத்து, நான்கு மூலையிலும் கல் வைத்தாள்.

“எங்க ஊட்டுக்கு வெல்லம் கட்டி வந்த பேப்பருங்க. ராசாவுக்கு உருமால் கட்டியாச்சுங்க. படம் வந்திருக்குதுங்க. பாத்துக்குங்க.”

பட்டக்காரர் குனிந்து பார்த்தார். சுற்றியிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஓர் ஆள் ஆசனத்தில் உட்கார்ந்திருந்தார். தலையில் அடுக்கு அடுக்காகக் கிரீடம், காதில் குண்டலம், முறுக்கிய மீசை, மார்பு நிறைய மாலை.

“லட்சணமா இருக்காரு” என்றார் ஒருவர். “ஒரு வழியாக் கட்டிட்டாங்க” என்றார் இன்னொருவர். மாமன் முகத்தில் ஒரு வருஷமாக இல்லாத வெளிச்சம் வந்தது. பட்டக்காரர் நிமிர்ந்து என்னைக் கூப்பிட்டார். கூட்டம் என் பக்கம் திரும்பியது. அவளும் திரும்பினாள்.

“நீ பாத்துச் சொல்லு சாமி. இது ராசாதானுங்களே?”

நான் போய்க் குனிந்து பார்த்தேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நாமக்கல் கொட்டகையில் ஓடுகிற பேசும் படத்தின் விளம்பரம் அது. கீழே தினம் எத்தனை ஆட்டம் என்றுகூடப் போட்டிருந்தது. அந்த நேரத்தில் என் மனதில் என்ன ஓடியது என்று நான் ஐம்பது வருஷமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. கல்யாணம்கூட நினைவுக்கு வரவில்லை. தப்பாக ஒன்றைக் காட்டுகிறார்கள், எனக்குச் சரி தெரியும் என்பது மட்டும்தான் இருந்தது. கதை கட்டாதே என்று தையில் சிரித்தார்களே, அவர்களுக்கு நான் யாரென்று காட்ட வேண்டும் என்பதும் இருந்திருக்கலாம்.

“இல்லீங்க. இது பேசும் படத்துல வேசங்கட்டினவருங்க. புது ராசாவுக்கு மீசையே கெடையாதுங்க” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. பட்டக்காரர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார், இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்பது போல. அவள் குனிந்து கற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தாள். காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வந்த வழியே போனாள்.

நாட்டுக் கூட்டத்தில் பொய் சொன்னால் குத்தம். சொன்னவள் பெண் என்றால் தகப்பன் அதை ஏற்க வேண்டும். மாமன் தலைத்துண்டை அவிழ்த்துத் தரையில் போட்டார். நாட்டாருக்கு முன்னால், புழுதியில், நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எனக்கு நடை பழக்கியவர், என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு எருதாட்டம் காட்டியவர். எழுந்தபோது நெற்றியில் மண் ஒட்டியிருந்தது. துடைத்துவிடக் கை நீட்டினேன். அவர் என் கையைத் தட்டிவிடவில்லை, பார்க்காதவர் மாதிரி நகர்ந்துகொண்டார்.

மறுவாரம் நாங்கள் பெண் கேட்டு வைத்த வெற்றிலை பாக்கு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது. என் அம்மா தன் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்று அழுதாள். பலன் இல்லை. நான் ஊற்றுக்கரையில் அவளுக்காகக் காத்திருந்தேன்.

“நான் உண்மையைத்தான சொன்னேன்” என்றேன்.

அவள் எப்போதும் என்னிடம் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவாள். அன்று போடவில்லை. “அந்த ஆளு ராசா இல்லைன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா கூத்துல வேசங்கட்டறவன் மூஞ்சி எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் ஏன் கொண்டாந்த?”

“உன்னை நம்பித்தான் கொண்டாந்தேன். ஒருத்தன் ஒருத்திக்காவ நாட்டையே உட்டுட்டுப் போனான்னு நீதான படிச்ச? நீ ஒரு வார்த்தை உட்டுக் குடுப்பன்னு நெனச்சேன்.”

உண்மை, பொய் என்று என்னவோ ஆரம்பித்தேன். குடம் நிறைந்து வழிந்தது. அவள் அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். அதன் பிறகு அவள் என்னிடம் பேசியதில்லை.

சித்திரை முடிகிற சமயம் முடிசூட்டு விழா வந்தது. அந்த ஒரு தடவை மட்டும் எனக்குப் புதுப் பேப்பர் கிடைத்தது. பாய் தனக்கென்று வாங்கியதைக் கையில் கொடுத்தார். ஒரே மூச்சில் மலை ஏறினேன். சமாச்சாரத்தை நானே கொண்டுபோனால் ஏதாவது மாறும் என்று ஏன் நினைத்தேனோ தெரியாது. மூச்சு வாங்க, பாறையின்மேல் ஏறாமல் கீழே நின்றே படித்தேன். பட்டக்காரர் பேப்பரைக் கேட்டு வாங்கினார். மீசை இல்லாத, மெலிந்த, எங்கேயோ வலிக்கிறவர் போல நின்ற புது ராஜாவை வெகுநேரம் பார்த்தார்.

“அன்னிக்கு அந்தப் புள்ள காட்டுன ராசாவே நல்லா இருந்தாரு” என்றார்.

நான் பேப்பரைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

“எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்ச சாமி? வருசா வருசம் கூத்துப் பாக்கற சனம். முடிச்சை நாங்களே போட்டுட்டோம். நாங்களே அவுத்தா நல்லா இருக்குமா? படிச்சவன் வாயில இருந்து ஆமான்னு ஒரு சொல்லு வந்துட்டா, எல்லாப் புள்ளைகளுக்கும் கல்யாணத்தை முடிச்சுப்போடலாம்னுதான் உன்னைக் கூப்புட்டுக் கேட்டது.” பேப்பரை மடித்து என்னிடம் கொடுத்தார். “உனக்கு அது வெளங்கல.”

உண்மையிலேயே எனக்கு விளங்கவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் பாதிதான் விளங்கியிருக்கிறது. தெரியாதவர்களுக்கு நான் தெரிந்ததைச் சொல்கிறேன் என்று ஒரு வருஷம் பாறையின்மேல் உட்கார்ந்திருந்தேன். அங்கே கூடியிருந்தவர்களில் ஒன்றும் தெரியாமல் இருந்தவன் நான் மட்டும்தான் என்றால், நான் படித்ததெல்லாம் யாருக்காக?

வைகாசியில் நாட்டில் வெற்றிலை கொடுக்க ஆரம்பித்தார்கள். முதல் வெற்றிலை அவளுக்கு. மாப்பிள்ளை வாசலூர்பட்டிப் பக்கம், நல்ல உழைப்பாளி, எழுதப் படிக்கத் தெரியாதவர். எங்கள் வழக்கப்படி, முறைமாப்பிள்ளை இருக்கும்போது பெண்ணை வெளியே கொடுப்பதானால் அவன் வந்து, சம்மதம் சொல்லி, வெற்றிலை வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தாலி ஏறாது. அம்மா நான் போக வேண்டாம் என்றாள். நான் போனேன்.

அதே மந்தை. அதே இடத்தில் பட்டக்காரர் உட்கார்ந்திருந்தார். அவள் மஞ்சள் சேலையில் தலை குனிந்து நின்றாள், பக்கத்தில் மாமன். கூட்டம் என் பக்கம் திரும்பியது.

“முறைக்காரன் நீ. வாயைத் தொறந்து சொல்லு சாமி. உனக்குச் சம்மதந்தானுங்களே?”

அப்போது அவள் தலையை நிமிர்த்தினாள். பங்குனியில் என் பக்கம் திரும்பியபோது எப்படிப் பார்த்தாளோ அதே மாதிரி பார்த்தாள்.

“ஆமாங்க” என்றேன்.